பட்டா மரம், காட்டு மரம், பிடிபட்ட மரம்

(திருவொற்றியூரில் நடந்த வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அகில் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். காட்டில் தானாக விளைந்த அகில் உசத்தியா, தோட்டத்தில் வளர்த்த அகில் உசத்தியா என்பது தலைப்பு. பேசுகிறேன். ஆனால் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து புறப்பட்டு இந்த அரங்குக்கு வந்தவர்கள் நீங்கள். உங்கள் முன்னால் அகிலை மட்டும் பேசிவிட்டு இறங்கினால், "செம்மரத்தைப் பத்தி ஏன் சார் வாயே திறக்கல?" என்று வாசலில் மடக்கிக் கேட்பீர்கள். நம் பகுதியின் பெயர் பேப்பரில் அடிபடுவது அகிலால் இல்லை, செம்மரக்கட்டையால். மாதவரம் குடோன், மணலி யார்டு, சென்னைத் துறைமுகம் என்று செய்தி வரும். அதில் நமக்குத் தெரிந்த தெரு ஒன்று இருக்கும். ஆகவே அகிலில் தொடங்கிச் செம்மரத்துக்கு வருகிறேன். இரண்டிலும் கேள்வி ஒன்றுதான். வளர்த்த மரம் சந்தைக்கு வந்தால் காட்டு மரம் பிழைக்குமா?

அகில் நமக்குப் பழைய சரக்கு. கூந்தலுக்கு அகில் புகை காட்டிய பெண்களைச் சங்கப் பாட்டில் பார்க்கிறோம். மலையிலிருந்து ஆறு அடித்துக்கொண்டு வரும் அகிலும் அங்கே உண்டு. கீழ்க்காற்றில் கப்பலேறி வந்து மதுரைத் தெருவில் மணக்கும் அகில் சிலப்பதிகாரத்தில் உண்டு. இரண்டும் ஒரே மரமா என்பது தாவரவியலார் தீர்க்க வேண்டிய வழக்கு. நான் அதற்குள் தலையைக் கொடுக்கவில்லை.

இன்று மண்ணடி அத்தர் கடையில் ஊது என்று விற்பது அக்விலேரியா மரத்தின் பிசினேறிய கட்டையும் அதிலிருந்து வடித்த எண்ணெயும். இந்தியாவில் அதன் சொந்த ஊர் அசாம், திரிபுரா, அவற்றைச் சுற்றியுள்ள மலைகள். நோய் இல்லாத அகில் மரத்தை வெட்டினால் ஏமாந்துதான் போவீர்கள். வெளுத்த, லேசான, மணமே இல்லாத கட்டை. ஒரு துளைப்பான் புழு தண்டைக் குடைந்து உள்ளே போக வேண்டும். அந்தத் துளை வழியே பூஞ்சை ஏற வேண்டும். அதைத் தடுக்க மரம் பிசினைச் சுரக்கும். பிசின் ஊறிய இடம் வருஷக்கணக்கில் கறுத்துக் கனத்துக்கொண்டே வரும். காசு அந்த இடத்தில்தான். எல்லா மரத்துக்கும் இந்த நோய் வருவதில்லை. எதற்கு வந்திருக்கிறது என்று வெளியே நின்று உறுதியாகச் சொல்லவும் முடியாது. காட்டுக்குள் கோடரியோடு போனவர்கள் சந்தேகப்பட்ட மரத்தையெல்லாம் சாய்த்து உள்ளே பார்த்தார்கள். காட்டு அகில் அருகிப்போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

தோட்டத்தில் புழுவுக்காகக் காத்திருப்பதில்லை. சில வருஷம் வளர்ந்த மரத்தில் டிரில்லால் வரிசையாகத் துளை போட்டு, பூஞ்சைக் கரைசலை உள்ளே விடுகிறார்கள். ஓரிரு வருஷத்தில் பிசின் பிடிக்கத் தொடங்கிவிடும். இப்படிக் கிடைத்த எண்ணெய்க்குப் பழைய காட்டு மரத்து எண்ணெயின் ஆழம் இல்லை என்று அத்தர் தொழிலில் ஊறியவர்கள் சொல்வார்கள். மறுக்கமாட்டேன். காலம் செய்யும் வேலையை டிரில் செய்யாது. ஆனால் ‘அசல் காட்டு ஊது’ என்று நம் கையில் சின்னச் சீசாவை நீட்டும்போது நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன். சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யூ.சி.என். பட்டியலில் அந்த மரம் இன்று அழிவின் விளிம்பில் இருக்கும் இனம். அசாமில் இன்று வியாபாரத்துக்கு வரும் மரம் பெரும்பாலும் வீட்டுக் கொல்லையில், பாக்கு மரங்களுக்கு நடுவே நட்டது. திரிபுரா அரசு 2021-இல் அகிலுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. 2024 ஏப்ரல் முதல் மூன்று வருஷத்துக்கு, வருஷத்துக்கு 1,51,080 கிலோ சில்லும் தூளும், 7,050 கிலோ எண்ணெயும் இந்தியாவிலிருந்து ஏற்றுமதி ஆகலாம் என்று, அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தை முறைப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையான சைட்டிஸின் கீழ் அளவு வகுத்திருக்கிறார்கள். ஆக, அகிலில் கொல்லை மரம் ஒருவாறு ஜெயித்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் காசாகிறது. திருடுவதற்குக் காட்டில் அதிகம் மிச்சமும் இல்லை.

இலங்கையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அங்கே வல்லப்பட்டை என்று ஒரு மரம், அகிலின் நெருங்கிய உறவு. விலையில்லாத மரம் என்று யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதிலும் அகில் பிசின் உண்டு என்று தெரிந்த கையோடு, 2012 வாக்கில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் பெட்டி பெட்டியாகப் பிடிபட ஆரம்பித்தது. விலை தெரிவதற்கு முன்னால் அந்த மரம் நிம்மதியாக இருந்தது. விலை தெரிந்தபின் திருடன் வந்தான்.

இனி செம்மரம்.

உங்கள் வீட்டுக் கொலுவில் மரப்பாச்சி ஜோடி இருந்தால், சாயம் பூசாத பழைய ஜோடியாக இருந்தால், அதுதான் செம்மரம். திருப்பதியில் வாங்கி வந்திருப்பார்கள். பல் முளைக்கும் குழந்தை வாயில் வைத்துக் கடித்தாலும் பாட்டிகள் பிடுங்கமாட்டார்கள். அந்தப் பொம்மையை ஒரு வெள்ளைத் தாளில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், மங்கலாக ஒரு சிவப்புக் கோடு விழும். கட்டைக்குள் இருக்கும் சாண்டலின் என்ற சாயப் பொருள் அது. சந்தனத்தின் பெயரை ஒட்டிக்கொண்டு செஞ்சந்தனம் என்று அழைக்கப்பட்டாலும் சந்தன மணம் இதற்குக் கிடையாது. வெட்டியவுடன் பார்த்தால் வெளிப்புறம் வெள்ளை. அந்த வெள்ளைப் பாகத்தைக் காட்டிலேயே கோடரியால் செதுக்கித் தள்ளிவிட்டு, சிவந்த வைரத்தை மட்டும்தான் சுமந்து வருவார்கள். செய்தித்தாள் படத்தில் கட்டைகள் உருண்டையாக இல்லாமல் பட்டை பட்டையாகச் சீவியதுபோல் இருப்பது அதனால்தான். தண்ணீரில் போட்டால் மூழ்கும். அவ்வளவு கனம்.

உலகத்திலேயே இந்த மரம் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும். சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா மலைகள். பழைய கடப்பை, சித்தூர், நெல்லூர், கர்நூல் மாவட்டங்கள். அங்கிருந்து கொஞ்சம் வழிந்து நம் பக்கமும். நாம் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து காரில் கிளம்பினால் அரை நாளுக்குள் அந்தக் காட்டின் ஓரத்தில் நிற்கலாம். வடசென்னைக்கும் செம்மரத்துக்கும் உள்ள உறவுக்கு இந்தத் தூரம்தான் காரணம், அந்த உறவு செம்மரக் கடத்தலைக் காட்டிய ‘புஷ்பா’ படத்தில் தொடங்கியதும் இல்லை. கம்பெனி காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குத் துணிமூட்டை ஏற்றிய கப்பல்கள், மூட்டைக்கு அடியில் பாரத்துக்காகவும் ஈரம் ஏறாமல் இருக்கவும் இந்தச் சிவப்புக் கட்டையை அடுக்கின. போய்ச் சேர்ந்த இடத்தில் அதுவே சாயச் சரக்காக விலைபோனது. 1856-இல் இராயபுரத்திலிருந்து தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அந்த ரயிலை ஓட்டிய ரயில்வே கம்பெனியின் இன்னொரு பாதை அரக்கோணம், ரேணிகுண்டா, கோடூர், ராஜம்பேட்டை, கடப்பை வழியாக 1871-இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு சேர்ந்தது. கோடூரை இன்றும் ரயில்வே கோடூர் என்றுதான் சொல்கிறார்கள். செம்மரக் காட்டின் நடுவே போட்ட ரயில் பாதை அது.

சாயத்துக்குச் செயற்கைச் சரக்கு வந்தபின் ஐரோப்பா இதை மறந்துவிட்டது. கிழக்கு மறக்கவில்லை. ஜப்பானில் ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியம் இருக்கிறது. அதன் உயர்ந்த வகைக்குக் கழுத்து செய்வது நம் செம்மரத்தில்தான். சீனாவில் ஸிடான் என்று அழைக்கும் இந்த மரத்தில் மிங், சிங் அரசர்கள் காலத்தில் செய்த நாற்காலிகளுக்கு இருக்கும் மதிப்பு இன்னும் குறையவில்லை. பெய்ஜிங்கில் இந்த மரத்துக்கென்றே 1999-இல் ஒரு அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். வாங்குகிறவர்கள் அங்கே, மரம் இங்கே, நடுவில் நம் துறைமுகம்.

சட்டத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். சலிப்பூட்டாமல் சொல்லப் பார்க்கிறேன். அகிலும் செம்மரமும் ஒரே சமயத்தில், 1995 பிப்ரவரியில், சைட்டிஸ் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தவை. இரண்டையும் சேர்க்கச் சொன்னது இந்தியாதான். இரண்டாம் பட்டியல் என்றால் வியாபாரமே கூடாது என்று பொருளில்லை. எங்கே விளைந்தது என்ற சான்றோடு போகலாம். அந்தச் சான்றில் ஒரே ஒரு எழுத்து உண்டு. காட்டில் எடுத்தது என்றால் டபிள்யூ, வளர்த்தது என்றால் ஏ. காட்டுச் செம்மரம் இந்தியாவிலிருந்து வெளியே போக அனுமதி இல்லை. பட்டா நிலத்தில் வளர்த்ததை 2019-இல் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் அனுமதித்தது. 2004 முதல் செம்மர வியாபாரத்தைத் தனியாகக் கண்காணித்துவந்த சைட்டிஸ் நிலைக்குழு, 2023 நவம்பரில் ஜெனீவாவில் கூடியபோது அந்தக் கண்காணிப்பிலிருந்து இந்தியாவை விடுவித்தது. வளர்ப்பவர்களுக்கு நல்ல செய்திதான்.

ஆனால் கட்டையில் அந்த எழுத்து எழுதியிருப்பதில்லை. கிளியரிங் தொழிலில் காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், துறைமுகத்துக்கு மரம் தெரியாது. ஷிப்பிங் பில்தான் தெரியும். செதுக்கி முடித்த இரண்டு செம்மரத் துண்டுகளை, ஒன்று சேஷாசலத்தில் வெட்டியது, ஒன்று ஊத்துக்கோட்டைப் பக்கம் பட்டா நிலத்தில் வெட்டியது, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கண்ணால் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. அகிலிலாவது டிரில் போட்ட துளையின் தடம் சில துண்டுகளில் தெரியும். செம்மரத்தில் அதுவும் இல்லை.

இன்னொன்று. காட்டு மரம், பட்டா மரம் என்று இரண்டு வகை பேசிக்கொண்டே இருக்கிறோம். செம்மரத்தில் மூன்றாவது வகை உண்டு. அது பிடிபட்ட மரம். கடத்தலில் பிடித்த கட்டைகள் ஆந்திர வனத்துறை டிப்போக்களில் மலையாகக் குவிந்தன. ஏற்றுமதித் தடையைத் தளர்த்தி 8,584 டன்னை விற்றுக்கொள்ள மத்திய அரசு ஆந்திராவுக்கு ஒருமுறை அனுமதி கொடுத்தது. டன் கணக்கில் உலக ஏலம் நடந்தது. இந்த மரம் முழுக்கக் காட்டு மரம், திருட்டு மரமும்கூட, ஆனால் ஏலத்தில் எடுத்தவரின் கையில் இருக்கும் காகிதம் அப்பழுக்கில்லாதது. பட்டா நிலத்தில் கால் நூற்றாண்டு காத்திருந்த விவசாயி போட்டி போட வேண்டியிருப்பது இந்த மலையோடும்தான். அரசைக் குறை சொல்லி என்ன பயன், பிடித்த கட்டையை மக்கிப்போக விட முடியுமா என்று கேட்பீர்கள். நியாயம். ஆனால் ‘வளர்த்த மரம் வந்தால் காட்டு மரம் தப்பிக்கும்’ என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த மூன்றாவது மரத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை. எனக்கு அதுதான் உறுத்தல்.

சரி, கட்டை நம் ஊரில் எப்படிக் கண்டெய்னருக்குள் போகிறது? துறைமுகத்தில் வேலை செய்யும் ஆர்பர் நண்பர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வழக்குகளில் திரும்பத் திரும்ப வெளிவந்த முறை, ரகசியம் ஒன்றும் இல்லை. ஏதோ ஓர் ஆலையில் நேர்மையான சரக்கு ஏற்றி, சீல் போட்டு, லாரி கிளம்பும். வழியில் ஒரு குடோனுக்குள் நுழையும். உள்ளே இருப்பவர்கள் சீலைத் தொடமாட்டார்கள். கண்டெய்னர் கதவின் கைப்பிடியைப் பிடித்திருக்கும் ரிவெட்டைக் கழற்றுவார்கள். கதவு திறக்கும், சீல் அப்படியே தொங்கும். சரக்கு இறங்கும், கட்டை ஏறும். எடை ஒத்துப்போக வேண்டுமே, அதற்கும் கணக்குப் பார்த்துத்தான் அடுக்குவார்கள். புது ரிவெட், அதன் மேல் அதே நிறத்தில் ஒரு கை பெயிண்ட். துறைமுக வாசலில் சீல் எண் காகிதத்தோடு அட்சரம் பிசகாமல் பொருந்தும். 2017 முதல் ஆலையில் அடைக்கும் ஏற்றுமதிக் கண்டெய்னர்களுக்கு மின்னணு சீல் கட்டாயமாகிவிட்டது. நல்லதுதான். ஆனால் சீலைத் தொடாமல் கதவைக் கழற்றுகிறவனை சீல் என்ன செய்யும்? ஸ்கேனர் பிடிக்கும், எல்லாக் கண்டெய்னரும் ஸ்கேனருக்குள் போவதில்லை. பெரும்பாலும் பிடிபடுவது வருவாய்ப் புலனாய்வுத் துறைக்கு யாரோ கொடுத்த துப்பால்.

பிடிபட்டவுடன் முதலில் உள்ளே போகிறவர் லாரி ஓட்டுநர். எங்கே நிறுத்தச் சொன்னார்கள், எவ்வளவு நேரம் டீக்கடையில் உட்காரச் சொன்னார்கள் என்பதைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. சில சமயம் தெரிந்தும் இருக்கும். எல்லோரும் உத்தமர் என்று நான் சொல்ல வரவில்லை.

காட்டுப் பக்கத்து நுனியில் மரம் வெட்டப் போகிறவர்கள் நிலைமை இதைவிட மோசம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திர அதிரடிப்படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் தமிழர்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள். மோதல் என்றது போலீஸ். இல்லை என்றன மனித உரிமை அமைப்புகள். தேசிய மனித உரிமை ஆணையம் விசாரணைக்கு எடுத்தது. ஜவ்வாது மலையில் மேஸ்திரி வந்து முன்பணம் கொடுத்தால் கோடரி பிடிக்கத் தெரிந்தவன் போகிறான். அதே மலையில் ஒரு காலத்தில் சந்தனம் வெட்டிய கைகள் அவை. சந்தனத்தையும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். உன் பட்டா நிலத்தில் முளைத்தாலும் சந்தன மரம் அரசுக்குத்தான் சொந்தம் என்றிருந்த நாள் நம் மாநிலத்தில் உண்டு. முளைவிட்ட கன்றைப் பார்த்தால் சத்தமில்லாமல் பிடுங்கிப் போட்ட விவசாயிகள் இருந்தார்கள். வளர்ந்தபின் வரும் தொல்லையைவிட அது மேல் என்று நினைத்தார்கள். 2002-இல் சட்டம் திருத்தி, மரம் நிலத்துக்காரருக்கே என்று ஆனபின்தான் ஜனங்கள் சந்தனம் நட ஆரம்பித்தார்கள்.

செம்மரம் பட்டா நிலத்தில் உங்களுக்கே சொந்தம்தான். ஆனால் வெட்ட வனத்துறை அனுமதி வேண்டும். வருவாய்த்துறை ஆவணத்தில் மரம் இருக்க வேண்டும். வெட்டிய கட்டையை அளந்து முத்திரை குத்த வேண்டும். எடுத்துப்போகத் தனி அனுமதி. வெளிநாடு போக உரிமம், சட்டப்படி வாங்கியது என்ற சான்று, சைட்டிஸ் சான்று. ஒவ்வொன்றும் தேவைதான், எதையும் எடுத்துவிடச் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொரு மேசையிலும் மாதக்கணக்கில் கிடந்தால், விவசாயி அலுத்துப்போய் வாசலில் வந்து நிற்கும் இடைத்தரகரிடம் வந்த விலைக்குத் தள்ளிவிடுவார். அந்தத் தரகரிடம் போய்ச் சேரும் நல்ல காகிதத்தின் பின்னால் எத்தனை காட்டுக் கட்டை ஒளிந்துகொள்ளும் என்று யோசித்துப் பாருங்கள். வளர்த்த மரம் காட்டு மரத்தைக் காப்பாற்ற வேண்டுமானால், நேர்வழி கள்ளவழியைவிடக் குறுகலாக இருக்கக் கூடாது. இன்று இருக்கிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்; மற்றதெல்லாம் அதற்கு ஆதாரம்.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு, அதுவும் நம் மாவட்டத்துக்கு வடமேற்கே. தரமணியில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையம், செம்மரத்தைப் பயன்படுத்தும் வணிகர்களிடம் வசூலித்த பங்குத் தொகையிலிருந்து 2025-இல் திருவள்ளூர் மாவட்டத்து விவசாயிகள் 18 பேருக்கு 55 லட்சம் ரூபாய் விடுவித்தது. மரம் விற்ற விலைக்கு மேல் கிடைத்த தொகை. பேர் தெரிந்த 18 விவசாயிகளிடம் பணம் போய்ச் சேர்ந்தது என்றால், அவர்களுடைய மரம் எங்கே நின்றது, யார் வாங்கினார் என்பது காகிதத்தில் முழுசாக இருந்தது என்று அர்த்தம். எனக்குப் பணத்தைவிட அந்தக் காகிதம்தான் பெரிசாகப் படுகிறது.

கூட்டம் தொடங்குமுன் ஒரு அண்ணன் என்னிடம் கேட்டார். பொன்னேரிப் பக்கம் ஒரு ஏக்கர் இருக்கிறதாம். அகில் வைக்கலாமா, செம்மரம் வைக்கலாமா என்று. எல்லோருக்குமாகச் சொல்கிறேன். அகிலுக்கு அசாம் மழையும் அசாம் ஈரமும் வேண்டும். நம் மே மாதத்தைத் தாங்குவது கஷ்டம். செம்மரத்துக்கு வெயில் பிரச்சினை இல்லை, தண்ணீர் தேங்குவதுதான் ஆகாது. சரளை கலந்த செம்மண்ணாக இருந்தால் வைக்கலாம். நெல் விளையும் களிமண்ணாக இருந்தால் நெல்லையே விளைய விடுங்கள். பத்து வருஷத்தில் கோடி என்று நோட்டீஸ் அடித்துக் கன்று விற்பவரிடம் போகாதீர்கள். வைரம் பிடிக்க இருபத்தைந்து, முப்பது வருஷம் ஆகும், உரமும் தண்ணீரும் ஊற்றிச் சீக்கிரம் பருக்க வைத்தால் வெள்ளைதான் பெருக்கும். மண் சரியாக இருந்து நட்டே தீருவது என்று முடிவெடுத்தால், நட்ட வருஷமே கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அடங்கல் பதிவேட்டில் செம்மரம் இத்தனை என்று எழுத வைத்துவிடுங்கள், வருஷா வருஷம் எழுத வையுங்கள். கன்று வாங்கிய ரசீதையும் அடங்கல் நகலையும் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். வெட்டும் அனுமதிக்கு அந்தக் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு வனத்துறை அலுவலகம் போகப்போவது அநேகமாக உங்கள் பிள்ளைகள்.

வேறு கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.